வெட்கம் தின்னும் பத்து நாள்

கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானவரிடமிருந்து போலீஸ்காரர் லைசென்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாளைக் கொடுப்பார். அடுத்த 30 நாளுக்கு அதுதான் தற்காலிக லைசென்ஸ். அதே தாளில் பொடி எழுத்தில் இன்னொரு சேதியும் இருக்கிறது. லைசென்ஸ் முடக்கத்தை எதிர்த்து விசாரணை வேண்டுமென்றால் 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறையிடம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் 30 நாள் முடிந்ததும் லைசென்ஸ் தானாக முடங்கிவிடும். கோர்ட்டில் வழக்கு எப்படிப் போகிறது என்பதற்காக இந்தக் கெடு காத்திருக்காது. டெக்சாஸில் இது 15 நாள்.

அந்தப் பத்து நாளும் நம்மவர் வீடுகளில் எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் காய்ச்சல் என்று லீவு. தமிழ்ச் சங்க நண்பர்களின் போனை எடுப்பதில்லை. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் அப்பாவிடம் "வண்டி ரிப்பேருப்பா" என்று ஒரு பொய். வக்கீலைத் தேடினால் விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் ராத்திரி ராத்திரியாகக் கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பார்கள். பதினோராவது நாள் யாரோ ஒரு சொந்தக்காரர் மூலம் வக்கீல் கிடைக்கும்போது, அவர் கேட்கும் முதல் கேள்வி, "விசாரணைக்கு மனு போட்டீர்களா?" என்பதாகவே இருக்கும்.

அமெரிக்காவில் ஃபெலனி என்ற பெருங்குற்றப் பிரிவில் பதிவான குடிபோதை வழக்கில், கைதானவருக்கு உதவக்கூடிய காரியங்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டியவை. அவற்றை அந்தந்த வேளையில் செய்யவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கம். இதைத் தப்பிக்கும் வழி சொல்லித்தரும் கட்டுரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-ல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் குடிபோதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 12,429 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த நாட்டின் சாலை மரணங்களில் பத்தில் மூன்று இது. அந்தக் கணக்கில் ஒருவரைச் சேர்த்துவிட்டோ, சேர்க்கும் அளவுக்கு நெருங்கியோதான் பலர் இந்த வழக்கில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சட்டப்படியான பாதுகாப்பு உண்டு. செய்ததற்குப் பொறுப்பேற்கும் கடமையும் உண்டு. இரண்டையும் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

எப்போது பெருங்குற்றம் ஆகிறது?

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் டி.யு.ஐ. என்பதை டெக்சாஸும் நியூயார்க்கும் டி.டபிள்யு.ஐ. என்கின்றன; ஓஹையோவில் ஓ.வி.ஐ. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவிகிதம், அதாவது 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்பது கிட்டத்தட்ட நாடு முழுக்க உள்ள வரம்பு. யூட்டா மட்டும் 2018 டிசம்பர் கடைசியில் அதை 0.05-க்கு இறக்கியது. (இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பு 30 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் வரம்பு தாராளமாகத் தெரிகிறதே என்று நினைப்பவர்கள் தண்டனையைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.) வரம்புக்குக் கீழே இருந்தாலும் நிதானம் தவறி ஓட்டியதாகத் தெரிந்தால் வழக்கு உண்டு.

யாருக்கும் அடிபடாத முதல் வழக்கு பொதுவாகச் சிறுகுற்றத்தோடு முடியும். அதைப் பெருங்குற்றமாக்குபவை மூன்று: முந்தைய வழக்குகள், பிறருக்குப் பட்ட காயம், வண்டியில் இருந்த குழந்தை.

கலிஃபோர்னியாவில் 10 வருடத்துக்குள் நான்காவது முறை பிடிபட்டால் பெருங்குற்றம். நியூயார்க்கில் 10 வருடத்துக்குள் இரண்டாவது முறையே போதும். டெக்சாஸில் மூன்றாவது முறை. முந்தையவை எத்தனை வருடம் பழையவை என்ற பேச்சே இல்லை. இருபது வருடத்துக்கு முன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய தண்டனையும் எண்ணிக்கையில் சேரும். மூன்றாவது வழக்குக்கு 2 முதல் 10 வருடம் வரை சிறை.

குழந்தை விஷயத்தைத்தான் நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பிறந்தநாள் விருந்து, பொங்கல் விழா என்று போய்விட்டு, பின்சீட்டில் தூங்கும் பிள்ளைகளோடு திரும்பும் இரவுகள் இவை. நியூயார்க்கில் 2009-ல் தோழியின் தாய் குடித்துவிட்டு ஓட்டிய காரில் போன 11 வயதுச் சிறுமி லியாண்ட்ரா இறந்துபோனாள். அடுத்த மாதமே அவள் பெயரில் சட்டம் வந்தது. 15 வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு போதையில் ஓட்டினால் அங்கே முதல் முறையே பெருங்குற்றம். டெக்சாஸிலும் 15 வயதுக்குட்பட்ட குழந்தை வண்டியில் இருந்தால் அப்படித்தான். யாருக்கும் சிறு கீறல்கூட விழுந்திருக்க வேண்டியதில்லை.

காயம் பட்ட வழக்குகளில் கலிஃபோர்னியா அரசு வக்கீலுக்கு இரண்டு வழி இருக்கிறது. சிறுகுற்றமாகவும் போடலாம், பெருங்குற்றமாகவும் போடலாம். காயத்தின் தன்மை, ரத்தத்தில் இருந்த அளவு, பழைய வரலாறு, விபத்துக்குப் பின் நடந்துகொண்ட விதம் எல்லாம் அந்த முடிவில் சேர்கின்றன. பெருங்குற்றமானால் 16 மாதம், 2 வருடம் அல்லது 3 வருடம். காயம் கடுமையானதென்றால் அதற்குமேல் குறைந்தது 3 வருடம். உயிர் போய், கடும் அலட்சியம் என்று முடிவானால் 4, 6 அல்லது 10 வருடம். 1981-ல் வாட்சன் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, ஆபத்து தெரிந்தே ஓட்டியவர்மேல் கொலை வழக்கே போடலாம்; தண்டனை 15 வருடம் முதல் ஆயுள் வரை. இதற்காகவே, முதல் குடிபோதை வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்பவரிடம் கோர்ட்டில் ஓர் எச்சரிக்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த முறை யாராவது செத்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

முதல் ராத்திரி

நம்மவர்களுக்கு அதிகாரியைப் பார்த்தால் விளக்கம் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதிகம். "சார், ரெண்டே பியர்தான். சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினேன். வீடு இங்கே பக்கத்துலதான்." இந்த மூன்று வாக்கியத்திலேயே குடித்ததை ஒப்புக்கொண்டாகிவிட்டது, குடித்த நேரத்தைச் சொல்லியாகிவிட்டது, ஓட்டியது தான்தான் என்பதும் உறுதியாகிவிட்டது. அவர் சட்டையில் இருக்கும் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கும்.

உரிமைகளைப் படித்துக் காட்டவில்லை, அதனால் வழக்கு நிற்காது என்று சினிமா பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. 1984-ல் ஓஹையோவைச் சேர்ந்த ஒரு குடிபோதை வழக்கிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சாலையோரத்தில் நிறுத்திவைத்துக் கேட்கும் சாதாரணக் கேள்விகளுக்கு முன் உரிமைகளைப் படித்துக் காட்டத் தேவையில்லை. சொன்ன பதில் சாட்சியமாக நிற்கும். அதுமட்டுமல்ல, சும்மா பேசாமல் உட்கார்ந்திருந்தால் மௌன உரிமையைப் பயன்படுத்தியதாக ஆகாது என்று 2010-ல் இன்னொரு தீர்ப்பு. ஆகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "நான் பேச விரும்பவில்லை. எனக்கு வக்கீல் வேண்டும்." பெயர், முகவரி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காட்டுவதை மறுக்கக் கூடாது. மரியாதை குறையக் கூடாது. மற்றபடி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

பரிசோதனை விஷயத்தில் வீம்பு வேண்டாம். கைதுக்குப் பின் மூச்சுப் பரிசோதனையை மறுத்தால் லைசென்ஸ் இன்னும் நீண்ட காலத்துக்குப் போகும். கலிஃபோர்னியாவில் முதல் முறையே ஒரு வருடம். ரத்தம் எடுக்க வாரன்ட் வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் காயம் பட்ட வழக்கில் நடுராத்திரியிலும் நீதிபதியை எழுப்பி வாரன்ட் வாங்கிவிடுவார்கள். வாரன்ட் வந்த பிறகு கையை நீட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது.

வாயைத் திறந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஜெயிலில் நுழையும்போது நர்ஸ் உடல்நிலையைக் கேட்பார். தினமும் குடிக்கிறவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலுமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து கொடுத்தால் தடுக்கக்கூடியது இது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன் பேச அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவில் கைதாகி மூன்று மணி நேரத்துக்குள் மூன்று அழைப்புகளுக்கு உரிமை. வக்கீலோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாமே பதிவாகின்றன என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மனைவியிடம் தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைப்பது பேதைமை. மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். எங்கே இருக்கிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள், வக்கீலைப் பார். அதோடு போனை வைத்துவிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். 1963-ம் வருட வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது. தூதரகம் வழக்கை நடத்தாது. ஆனால் வீட்டுக்குத் தகவல் சொல்லும், வக்கீல்கள் பட்டியல் தரும்.

வக்கீல், ஜாமீன்

காவலில் இருப்பவரைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்துகிறார்கள். சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் கொஞ்சம் நீளும். ஜாமீன் தொகை அங்கேதான் பேசப்படும். முழுத் தொகையையும் கோர்ட்டில் கட்டினால், ஒழுங்காக வழக்குக்கு வந்துபோனபின் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு இல்லாதவர்கள் ஜாமீன் ஏஜென்டிடம் போவார்கள். அவர் வழக்கமாக 10 சதவிகிதம் கட்டணம் வாங்குவார். வழக்கு தள்ளுபடியானாலும் அந்தப் பணம் போனதுதான். கையிருப்பு முழுவதையும் அங்கே கொட்டிவிட்டு வக்கீலுக்கு இல்லாமல் நிற்பதைவிட, முதலில் வக்கீலை வைத்து ஜாமீன் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

ஜாமீனுக்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு சொட்டு குடிக்கக் கூடாது என்பது அநேகமாக இருக்கும். வியர்வையில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையைக் கணுக்காலில் மாட்டிவிடுவதும் உண்டு. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம். மாநிலம் தாண்டிப் போகத் தடை வரலாம். நிபந்தனையை மீறிப் பிடிபட்டவரைப் பற்றி அதன் பிறகு நீதிபதியிடம் வக்கீல் நல்லதாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

கைதான செய்தி பொதுப் பதிவேட்டில் வந்த ஒன்றிரண்டு நாளில் வீட்டுத் தபால்பெட்டி வக்கீல்களின் விளம்பரக் கடிதங்களால் நிறையும். "வழக்கை உடைத்துக் காட்டுகிறேன்" என்று உத்தரவாதம் தருபவரை அப்போதே ஒதுக்கிவிடலாம். விசாரிக்க வேண்டியது: அதே மாவட்டக் கோர்ட்டில் குடிபோதைப் பெருங்குற்ற வழக்குகளை நடத்தியிருக்கிறாரா, ஜூரி முன்னால் வாதாடியிருக்கிறாரா, வழக்கறிஞர் சங்கத்தில் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா. கடைசிக் கேள்விக்கு மாநில வழக்கறிஞர் சங்கத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. 1963-ன் கிடியன் தீர்ப்பு தந்த உரிமை அது. அரசு தரும் வக்கீல் என்றாலே இளக்காரமாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தினமும் அதே கோர்ட்டில் இதே வகை வழக்குகளை நடத்துகிறவர் அவர். வேலைப்பளுதான் அவருடைய பிரச்சினை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: லைசென்ஸ் விசாரணை மோட்டார் வாகனத் துறை சமாச்சாரம் என்பதால், பெரும்பாலும் அவர் அதை எடுத்து நடத்த மாட்டார். அந்தப் பத்து நாள் மனுவைக் கைதானவரே போட வேண்டியிருக்கும்.

சாம்பல் மூடிக் குழாய்

குடிபோதை வழக்கின் உயிர் ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் குழாயின் ரப்பர் மூடி சாம்பல் நிறம். உள்ளே வெள்ளைப் பொடியாக சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். ஒன்று ரத்தம் புளித்துப்போகாமல் காக்கும், மற்றது உறையாமல் காக்கும். எடுத்தவுடன் குழாயைப் பலமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திப் பொடியைக் கலக்க வேண்டும். பொடி போதாமலோ கலக்காமலோ வெப்பத்தில் கிடந்தால், ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கிருமிகள் தின்று குழாய்க்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகலாம். ஊசி போடுமுன் தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைக்கக் கூடாது. யார் எடுத்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த ஃபிரிட்ஜில் எத்தனை நாள் இருந்தது என்பதற்கெல்லாம் கையெழுத்தோடு பதிவு இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மீதி ரத்தத்தை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு பங்கை வாங்கித் தனி ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கக் கைதானவர் தரப்புக்கு உரிமை உண்டு. மூச்சுப் பரிசோதனை என்றால், ஊதுவதற்கு முன் 15 நிமிடம் ஏப்பமோ வாந்தியோ எடுக்கிறாரா என்று போலீஸ்காரர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். வயிற்றிலிருந்து வாய்க்கு வந்த ஆவி அளவை ஏற்றிக் காட்டும்.

இதைப் படித்துவிட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்தால் விடுதலை என்று கணக்குப் போட வேண்டாம். அநேக வழக்குகளில் எல்லாம் முறைப்படியே நடந்திருக்கும். ஆனால் ஒரு மனிதனை வருடக்கணக்கில் சிறைக்கு அனுப்பும் எண் சரியான எண்தானா என்று பார்ப்பது வக்கீலின் கடமை, அதைக் கேட்பது கைதானவரின் உரிமை.

காணாமல் போகும் சாட்சியங்கள் வேறு இருக்கின்றன. ரெஸ்டாரன்ட் கேமராப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும். பத்திரப்படுத்தச் சொல்லி வக்கீல் உடனே கடிதம் எழுத வேண்டும். நொறுங்கிய காரை இன்ஷூரன்ஸ் கம்பெனி பழைய இரும்புக்கு விற்றுவிடும். அதன் ஏர்பேக் கருவிக்குள் மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளின் வேகமும் பிரேக் மிதித்த நேரமும் பதிவாகியிருக்கலாம். அதை எடுக்குமுன் வண்டி கைமாறக் கூடாது. தன் போனில் இருக்கும் பார்ட்டிப் படங்களையோ மெசேஜ்களையோ அழிக்கவும் கூடாது. அழித்தால் சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரும்.

அந்தப் பக்கத்து மனிதர்

அடிபட்டவரையோ அவர் குடும்பத்தையோ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். மனம் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். செய்யக் கூடாது. பெரும்பாலும் தொடர்பு கொள்ளத் தடை உத்தரவு இருக்கும். இல்லாவிட்டாலும், சாட்சியைக் கலைக்க வந்ததாக அது படும். அதைவிட முக்கியமாக, அவர்கள் கேட்காத நேரத்தில் நம் குற்ற உணர்ச்சியை அவர்கள் படுக்கையருகே கொண்டுபோய் இறக்கிவைக்க நமக்கு உரிமை கிடையாது. சொல்ல நினைப்பதைக் கடிதமாக எழுதி வக்கீலிடம் கொடுத்துவைக்கலாம். தண்டனை சொல்லும் கட்டத்தில் அதை எப்போது, எப்படிச் சேர்ப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

செய்யக்கூடியது, இழப்பீட்டுக்குத் தயாராவது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீல் மூலம் உடனே தகவல் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒருவர் காயத்துக்குக் குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் 2025 முதல் 30,000 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரிச் செலவில் அது எந்த மூலைக்கு? மீதிக்கு அவர்கள் சிவில் வழக்குப் போடுவார்கள். திவால் மனு கொடுத்துத் தப்பலாம் என்றால், குடிபோதையில் ஓட்டி விளைவித்த உயிரிழப்புக்கும் காயத்துக்குமான கடனை அமெரிக்கத் திவால் சட்டம் தள்ளுபடி செய்வதில்லை.

1980 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸில் தெருவோரம் நடந்துபோன 13 வயது கேரி லைட்னரைப் போதையில் ஒருவர் மோதிவிட்டு நிறுத்தாமல் போனார். வேறொரு குடிபோதை விபத்து வழக்கில் ஜாமீனில் வந்து அவருக்கு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கேரியின் தாய் கேண்டி லைட்னர் அந்த வருடமே குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார் அமைப்பைத் தொடங்கினார். மேட் என்று நாடறிந்த அந்த அமைப்பு நடத்தும் கூட்டங்களில், பறிகொடுத்தவர்கள் பேசுவதைத் தண்டனை பெற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிடுகிறார்கள். உத்தரவுக்குக் காத்திராமல் வக்கீலைக் கேட்டுக்கொண்டு முன்கூட்டியே போய்க் கேட்பவர்களும் உண்டு. போக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

விசா

கைரேகை எடுத்த கணமே அது உள்ளூர் போலீஸோடு நிற்பதில்லை; மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. அங்கிருந்து வெளியுறவுத் துறைக்கு. கடந்த ஐந்து வருடத்துக்குள் குடிபோதைக் கைது இருந்தால், தண்டனை வராவிட்டாலும் விசாவை ரத்து செய்யலாம் என்பது 2015 முதல் அவர்களுடைய நடைமுறை. சில வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும். பார்த்தவுடன் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் சிலர். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை, எச்-1பி தகுதியும் வேலையும் அந்த மின்னஞ்சலால் மட்டும் போய்விடுவதில்லை. வெளியே போனால்தான் சிக்கல். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக விசா கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் அனுப்புவார்கள். குடிநோய் இருக்கிறது, ஆபத்து திரும்ப நேரலாம் என்று டாக்டர் எழுதினால், குடியை விட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடமாவது ஆனதை நிரூபிக்கும்வரை கதவு திறக்காது. இதற்கு நடுவில் வேலை போனால், எச்-1பியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம்.

நாடு கடத்தல் பயம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வரும். 2004-ல் ஹெய்ட்டி நாட்டுக்காரரான லியோகால் என்பவரின் வழக்கில், கவனக்குறைவால் காயம் விளைவித்த குடிபோதைப் பெருங்குற்றம் வன்முறைக் குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொன்னது. அதனால் அந்தப் பிரிவில் நாடு கடத்த முடியாது. ஆனால் லைசென்ஸ் முடங்கியது தெரிந்தே குடித்துவிட்டு ஓட்டுவது ஒழுக்கக்கேடான குற்றம் என்று 1999-லேயே குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாத காலத்தில் "கடைக்குத்தானே" என்று சாவியை எடுப்பதன் விலை இது. குடியுரிமை கேட்கிறவருக்கு, பார்க்கப்படும் வருடங்களில் இரண்டு குடிபோதைத் தண்டனை இருந்தால் நல்லொழுக்கம் இல்லை என்றே தொடங்குவார்கள். கனடாவுக்குப் போய்விடலாம் என்றால், 2018 டிசம்பரிலிருந்து அங்கே குடிபோதையில் ஓட்டுவது கடுங்குற்றப் பட்டியலில். எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம்.

எனவே கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலும் வேண்டும், இருவரும் ஒருவரோடொருவர் பேசவும் வேண்டும். ஹோண்டுராஸில் பிறந்து, வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்டு, 40 வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்த ஹோசே படியா என்பவரிடம், இத்தனை வருடம் இருந்ததால் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். அதை நம்பி ஒரு போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொண்டவர்மேல் நாடு கடத்தல் பாய்ந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம், குடியேற்ற விளைவுகளைச் சொல்லாத வக்கீல் தன் கடமையைச் செய்யாதவர் என்றது. மாநிலக் கோர்ட்டுகளில் தண்டனை பெறுபவர்களில் 100-க்கு 94 பேர் பேரம் பேசி ஒப்புக்கொண்டவர்கள் என்று அதே நீதிமன்றம் 2012-ல் குறிப்பிட்டது. அந்தப் பேரத்தில் எந்தச் சட்டப்பிரிவை ஒப்புக்கொள்கிறோம் என்பதைத்தான் பிறகு விசா அதிகாரி பார்ப்பார். சிறை நாளில் ஒரு மாதம் குறைகிறதே என்று தப்பான பிரிவில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

குடி

முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். சட்டக் காரியங்களைச் சொல்லி முடித்தால்தான் இதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஜாமீனில் வந்தவர் குடிநோய் மருத்துவரிடம் தன்னைக் காட்டி மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். சிகிச்சை வேண்டும் என்றால் அன்றே சேர வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935-ல் ஓஹையோவின் ஆக்ரனில் தொடங்கியவை. காசு வாங்குவதில்லை, ஊர்ப்பெயர் கேட்பதில்லை, இன்று அநேகமாக எல்லா அமெரிக்க ஊரிலும் உண்டு. நீதிபதி உத்தரவிட்ட பிறகு போகிறவரையும், உத்தரவுக்கு ஆறு மாதம் முன்பே போய்க்கொண்டிருப்பவரையும் தண்டனை சொல்லும் நாளில் ஒரே மாதிரி பார்க்க மாட்டார்கள். ஆனால் நீதிபதிக்காகப் போகிறோம் என்று போனால் வழக்கு முடிந்ததும் நின்றுவிடும். பிள்ளைகள் இருக்கும் காரைப் போதையில் ஓட்டும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்தது அன்றைய ஒரு ராத்திரி மட்டும்தானா என்று அவரும் வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டும். வார இறுதிப் பார்ட்டியில் மூன்றாவது ரவுண்டை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மச்சான், ஓட்டிடுவியா?" என்று கேட்டு அனுப்பிவைத்த நண்பர்களும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர், 1980-லேயே டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிக் குடியை நோயாகவும் குடும்பத்தை அந்தச் சிகிச்சையின் பாதியாகவும் நடத்திக் காட்டினார். அதற்குப் பிறகும் "எங்க வீட்டுப் பிள்ளைக்கா?" என்று மூடி மறைக்கும் வழக்கம் கடல் தாண்டியும் கூடவே போகிறது. ஊரில் இருக்கும் அப்பாவிடமும் அண்ணனிடமும் மறைத்துவைப்பதால் வழக்கு சிறியதாகிவிடாது. பணத்துக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் கடைசியில் அவர்கள்தான் வேண்டும். மூன்றாம் நாளே சொல்லிவிட்டால் அவர்களும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தாலும் வண்டியில் இன்டர்லாக் என்ற கருவி ஏறும். ஊதினால்தான் எஞ்சின் கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவ்வப்போது சத்தம் கொடுத்து ஊதச் சொல்லும். மனைவி எடுத்தாலும் ஊத வேண்டும். எஸ்.ஆர்-22 என்ற சான்றோடு வரும் இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறும். மீண்டும் மீண்டும் பிடிபட்டவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் குடிபோதை ஓட்டுநர்களுக்கான வகுப்பு 18 மாதம்.

நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர், தண்டனைப் பதிவை நீக்கச் சொல்லிக் கலிஃபோர்னியா கோர்ட்டில் மனுப் போடலாம். வேலை தேட அது உதவும். விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் உதவாது, பதிவு நீங்கிய பிறகும் விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதானது உண்டா?" என்ற கேள்விக்கு உண்டு என்றே எழுத வேண்டும். இல்லை என்று எழுதினால் அந்தப் பொய்க்காகவே வாழ்நாள் தடை விழலாம். கைது அறிக்கை, குற்றப் பத்திரிகை, இறுதித் தீர்ப்பு, வகுப்பு முடித்த சான்று ஆகியவற்றின் முத்திரையிட்ட நகல்களைக் கோர்ட்டில் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் வைத்திருக்க வேண்டும். சில கோர்ட்டுகள் பழைய கட்டுகளைச் சில வருடம் கழித்து அழித்துவிடுகின்றன.